மாநிலப் போட்டிக்கு முந்தைய நாள்: 200 மீட்டர், நீளம் தாண்டுதல் பிள்ளைகளை என்ன செய்ய வைப்பது?

தென்காசி_பிஇடி கேட்டது:

வணக்கம். பள்ளிகளுக்கான தடகளப் போட்டியில் எங்கள் அரசுப் பள்ளியிலிருந்து இரண்டு பேர் மாநில அளவுக்குப் போகிறார்கள். 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. பையன் 100, 200 மீட்டர், எடை 56 கிலோ. மாணவி நீளம் தாண்டுதல், 200 மீட்டர், எடை 47 கிலோ. பயிற்சி முழுக்கச் செம்மண் மைதானத்தில், போட்டி சின்தெடிக்கில் (செயற்கைத் தடத்தில்). இரவு ரயிலில் கிளம்பி முந்தைய நாள் காலையில் போய்ச் சேருவோம். அன்று மாலை 4 மணிக்கு மேல் மைதானத்தைப் பார்க்க விடுவார்களாம்.

அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பது? முழு ஓய்வு கொடு என்கிறார்கள் சிலர், நன்றாக வியர்க்க ஓட விடு என்கிறார்கள் சிலர். மாணவியின் ரன்-அப் (தாண்டும் முன் ஓடிவரும் ஓட்டம்) 16 ஸ்ட்ரைடு (காலடி), மண்ணில் அளந்தது 27.40 மீட்டர். அதை அப்படியே வைக்கலாமா? பையனுக்கு லேசான சளி வேறு. மருந்து கொடுக்கலாமா? சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள். போட்டி நடத்துபவர்கள் கொடுக்கும் சாப்பாடுதான் கிடைக்கும்.

பிளாக்_கிளியர் பதில்:

சார், முந்தைய நாள் செய்யும் எதுவும் பையனுடைய வேகத்தைக் கூட்டாது. பயிற்சியை உடம்பு உள்வாங்க வாரக்கணக்கில் ஆகும். ஆனால் அதே நாளில் கூடுதலாக அரை மணி நேரம் ஓடவிட்டால் மறுநாள் கால் கனத்துவிடும். வியர்க்க ஓட விடச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து ரவுண்டு மெதுவாக ஓடவைப்பார்கள். ஸ்பிரிண்டருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அளவு மிகக் குறைவாகவும் வேகம் போட்டி வேகத்துக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

ரயிலில் மணிக்கு ஒருமுறை எழுப்பி நடக்கவைக்க வேண்டியதில்லை, தூங்கட்டும். கீழ் பெர்த்தோ மேல் பெர்த்தோ, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். உட்கார்ந்தே வந்தால்தான் சிக்கல். இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கிவிடும், கெண்டைக்கால் வீங்கும். போய்ச் சேர்ந்ததும் குளித்து, சாப்பிட்டு, 20 நிமிடம் நடக்கவிடுங்கள். பகலில் தூங்குவதானால் 11 மணிக்கு மேல் ஆரம்பித்து 2 மணிக்குள் எழுப்பிவிடுங்கள். அதற்கு மேல் தூங்கவிட்டால் மாலையில் மந்தமாக இருப்பான், ராத்திரியும் தூக்கம் வராது.

மாலையில் மைதானம் போய்த் திரும்பும்வரை மொத்தம் 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 5 நிமிடம் மெதுவோட்டம், 8 நிமிடம் கால் வீச்சு, முட்டி உயர்த்துதல், ஏ-ஸ்கிப் (முட்டியை உயர்த்தித் துள்ளிப் போவது) மாதிரி அசைவுகள். பிறகு சாதா ஷூவில் 50 மீட்டர் மூன்று தடவை: 70, 80, 85 சதவீத வேகம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 2 நிமிடம். அப்புறம் ஸ்பைக்ஸ் (ஆணி ஷூ) மாட்டி பிளாக்கிலிருந்து (கிளம்பும்போது காலை ஊன்றி உதைக்கும் கட்டை) 10 மீட்டர் இரண்டு, 20 மீட்டர் ஒன்று, 200-க்காக வளைவில் 30 மீட்டர் ஒன்று. இவற்றுக்கு நடுவில் 4 நிமிட இடைவெளி கண்டிப்பாக வேண்டும். வேகமாக ஓடிய தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் 220 மீட்டர்தான் வரும், அவ்வளவு போதும். கடைசி ஸ்டார்ட் நன்றாக வந்தால் அதோடு நிறுத்துங்கள். மோசமாக வந்தாலும் நிறுத்துங்கள். ‘இன்னொன்று பார்க்கலாம்’ என்று நாலு, ஐந்து, ஆறு என்று போவதில்தான் பாதிப் பேருக்குக் கால் போகிறது. கைவீச்சு சரியில்லை, தலை சீக்கிரம் தூக்குகிறான் என்று அன்றைக்குத் திருத்தவே கூடாது. மறுநாள் ஓடும்போது அதையே நினைத்துக்கொண்டு ஓடுவான்.

மண்ணிலிருந்து சின்தெடிக்குக்கு வருவதால் இன்னொன்றையும் கவனியுங்கள். தரை திருப்பி உதைப்பதால் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும், நிறுத்த மாட்டார்கள். அந்த உதை முழுவதும் கெண்டைக்காலிலும் குதிகால் தசைநாணிலும் இறங்கும். பழக்கமில்லாத தசைக்கு வலி அன்று தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் தெரியும். சரியாக ரேஸ் நேரத்தில் பிடிக்கும்.

பிளாக் விஷயம். பள்ளியில் இரும்பு பிளாக்கை மண்ணில் ஆணியடித்துப் பழகியிருப்பார்கள். அங்கே வேறு கம்பெனி பிளாக் இருக்கும், பல் இடைவெளியும் மாறும். அதனால் ‘மூன்றாவது பல், ஏழாவது பல்’ என்ற கணக்கு உதவாது. கோட்டிலிருந்து முன் பெடல் வரை, பின் பெடல் வரை அவனுடைய சொந்தப் பாதத்தால் அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு முன் பெடல் 2 பாதம், பின் பெடல் 3 பாதம் அருகில் வரும். செட் நிலையில் (இடுப்பை உயர்த்திக் காத்திருக்கும் நிலை) முன்முட்டி 90 டிகிரிக்குப் பக்கத்திலும் பின்முட்டி 120-130 டிகிரியிலும் இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும். 200-க்கு பிளாக்கை லேனின் வெளிக்கோட்டுப் பக்கம் தள்ளி, வளைவைத் தொட்டுப்போகும் நேர்கோட்டைப் பார்த்து வைக்க வேண்டும். மாணவிக்கும் இதுதான். அவளுக்கு வளைவு ஸ்டார்ட் ஒன்றே ஒன்று போதும், மிச்சத்தை ரன்-அப்புக்கு விடுங்கள்.

ஸ்பைக்ஸ் ஆணி: சின்தெடிக்கில் 9 மில்லிமீட்டருக்கு மேல் விதிப்படி கூடாது, உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12. பல மைதானங்களில் 6 அல்லது 7-தான் விடுவார்கள். மண்ணில் ஓடிய நீள ஆணி துருப்பிடித்து இறுகியிருக்கும். ஊரிலேயே கழற்றிப் பாருங்கள். ஓட்டையில் அடைத்த மண்ணைக் குண்டூசியால் எடுத்து, மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் முடிந்தவரை திருகி, பிறகு சாவியால் கால் சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் அடுத்த முறை கழலாது. கூடுதலாக நாலு ஆணியும் சாவியும் பையில் இருக்கட்டும்.

வெறுங்காலில் ஓடிப் பழகிய பிள்ளையாக இருந்தால் சொல்லுங்கள், அது வேறு கதை. விதிப்படி வெறுங்காலில் ஓடலாம். ஆனால் வெயில் ஏறிய சின்தெடிக்கில் முன்பாதத் தோல் உரிந்துவிடும். அதற்காக மறுநாள் ரேஸை வைத்துக்கொண்டு முதல்முறையாகப் புது ஸ்பைக்ஸ் மாட்டிவிடுவதும் தப்பு. பழகிய, இலேசான கான்வாஸ் ஷூ இருந்தால் அதுவே மேல்.

மணல்குழி பதில்:

ரன்-அப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

27.40 அப்படியே வைத்தால் ஃபவுல் விழ வாய்ப்பு அதிகம். மண்ணில் ஒவ்வொரு உதையிலும் கால் கொஞ்சம் வழுக்கும். சின்தெடிக்கில் வழுக்காது, ஸ்ட்ரைடு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளும். 16 ஸ்ட்ரைடுக்குக் கூட்டினால் 30 முதல் 50 சென்டிமீட்டர் ஆகிவிடும். உதைத்து எழும் பலகையான போர்டின் அகலமே 20 சென்டிமீட்டர்தான். ஆகவே 27.80-இல் ஆரம்பித்துப் பாருங்கள். இது ஆரம்பக் கணக்கு மட்டும்தான். மாலையில் அவள் ஓடுவதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முந்தைய நாள் முழு ரன்-அப் மூன்று தடவை, அதிகபட்சம் நாலு. தாண்ட வேண்டாம். போர்டைத் தாண்டி மணலுக்குள் ஓடிப்போய்விடட்டும். முழு வேகத்தில் தாண்டினால் டேக்-ஆஃப் காலில் (உதைத்து எழும் கால்) உடம்பு எடையைப்போலப் பல மடங்கு இறங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கணுக்காலில் இவ்வளவுதான் என்று ஒரு கையிருப்பு உண்டு. அதை முந்தைய நாளே செலவழித்தால் மறுநாள் ஆறு தாண்டலுக்கு மிச்சம் இருக்காது. மனசு கேட்கவில்லை என்றால் 6 ஸ்ட்ரைடில் இரண்டு சின்னத் தாண்டல், நிமிர்ந்தபடியே மணலில் இறங்கி ஓடுவது. அதோடு சரி.

நீங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். போர்டு அருகே எல்லோரும் நிற்பார்கள். அங்கே நின்றால் ஃபவுலா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும், ஏன் என்று தெரியாது. போர்டிலிருந்து 6 ஸ்ட்ரைடுக்கு முன்னால் கால் எங்கே விழுகிறது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஊரில் அவள் நன்றாகத் தாண்டிய நாட்களில் அந்த இடம் போர்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்துவையுங்கள். இப்போது மைதானத்தில் அந்தக் குறியைத் தாண்டி கால் விழுந்தால் ஆரம்பக் குறியைப் பின்னால் தள்ள வேண்டும். குறியில் சரியாக விழுந்தும் போர்டில் ஃபவுல் என்றால் தவறு கடைசி ஆறு ஸ்ட்ரைடில் இருக்கிறது, போர்டைப் பார்த்து எட்டிவைக்கிறாள். அப்போது ஆரம்பக் குறியை நகர்த்தினால் இன்னும் குழம்பும். அவளிடம் ‘போர்டைப் பார்க்காதே, மணலுக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒன்றைப் பார்’ என்று சொன்னாலே பாதி சரியாகும்.

காற்று: எதிர்க்காற்று என்றால் ஸ்ட்ரைடு குறுகும், குறியைப் போர்டுப் பக்கம் நகர்த்த வேண்டும். பின்காற்று என்றால் பின்னால். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் காலையில் ஒரு திசை, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து இன்னொரு திசை. மாலை 4 மணிக்கு அளந்த அளவு மறுநாள் காலை 9 மணிக்குப் பொருந்தாமல் போகும். எனவே அளவோடு காற்றின் திசையையும் எழுதுங்கள்: ‘27.80, லேசான எதிர்க்காற்று’. அதிலிருந்து மறுநாள் ஒரு பாதம் முன்னே பின்னே என்று அவளே முடிவு செய்துகொள்வாள்.

ஃபவுல் விதி மாறியிருக்கிறது. 2021 நவம்பரிலிருந்து பிளாஸ்டிசினில் (போர்டை ஒட்டி வைக்கும் களிமண் போன்ற பட்டை) தடம் விழுந்ததா என்று பார்ப்பதில்லை. காலை உதைத்து எழுவதற்கு முன் ஷூவின் நுனி போர்டின் முன்விளிம்புக்கு நேர்மேலே தாண்டியிருந்தாலே ஃபவுல். பழைய விதியில் நுனி காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால் தப்பிக்கலாம், இப்போது முடியாது. விளிம்புக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் உள்ளே விழும்படி அளவை வையுங்கள். முதல் தாண்டல் ஃபவுல் ஆனால் பிள்ளைகள் இரண்டாவதில் பயந்து காலைச் சுருக்குவார்கள், அதில் போகும் தூரம் இந்த 8 சென்டிமீட்டரைவிட அதிகம்.

ரன்வேயில் சுண்ணாம்புக் குறி போட விடமாட்டார்கள். பக்கத்தில் இரண்டு குறிவரை வைக்கலாம். கொடுப்பார்கள் என்று நம்பாமல் வண்ண டேப் ஒன்றைக் கொண்டுபோங்கள். 50 மீட்டர் அளவு டேப்பும் சொந்தமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். டேப் கிடைக்காத நேரத்துக்காகப் பாத எண்ணிக்கையிலும் அளவைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஓய்வுக்கட்சி பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனா ஒரு மாற்றுக் கருத்து. ராத்திரி ரயில் பயணம், அரைத்தூக்கம். இதுக்கு மேல பிளாக்ல இருந்து வெடிக்கச் சொல்றது எனக்குச் சரியாப் படலை. பயணத்துக்கு முந்தின நாள் ஊரிலேயே அந்த லேசான பயிற்சியை முடிச்சுட்டு, போய்ச் சேர்ந்த அன்னிக்கு முழு ஓய்வு கொடுங்க. உலக அளவுல ஓடுறவங்கள்லயே ரெண்டு வழியும் இருக்கு. சிலர் முதல்நாள் ஓடி தசையை எழுப்பிக்கிறாங்க, சிலர் ஷூவையே தொடுறதில்லை.

பிளாக்_கிளியர் பதில்:

உண்மைதான், இரண்டு வழியும் உண்டு. எது பொருந்தும் என்பதை மாவட்டப் போட்டிக்கு முன்பே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். குறுவட்டத்துக்கு ஒரு வழி, மாவட்டத்துக்கு ஒரு வழி என்று செய்து நேரத்தை ஒப்பிடலாம். பழகாத வழியை மாநிலத்தில் முயலக் கூடாது. ஆனால் இந்த இருவருக்கும் முழு ஓய்வு எனக்கு ஒப்பவில்லை, காரணம் தரை. சின்தெடிக்கில் முதல் காலடியே ஹீட்ஸில் (தகுதிச் சுற்று ஓட்டம்) விழக் கூடாது. தூக்கம் சரியில்லாமல் மந்தமாக இருந்தால் பிளாக்கை விட்டுவிடுங்கள். 50 மீட்டர் மூன்றும், மாணவிக்கு ரன்-அப் இரண்டும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முந்தைய இரவு பதற்றத்தில் தூங்காமல் போவது வழக்கம்தான். ஒரே ஒரு இரவு குறைந்தால் 12, 25 விநாடி ஓட்டத்தில் பெரிய பாதிப்பு வராது. அதற்கு முந்தைய மூன்று நாலு இரவுகள் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். ரயிலில் ஓர் இரவு போகப்போகிறது என்பதால் அந்த வாரம் முழுக்க அரை மணி நேரம் முன்னதாகப் படுக்கச் சொல்லுங்கள். இதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தூக்கம் வரவில்லையே என்ற கவலையிலேயே விடிந்துவிடும். தங்குவது பள்ளிக் கட்டடமாக இருந்தால் போர்வை, கொசுவிரட்டி, காதில் வைக்கப் பஞ்சு.

பிசியோ_கோவை பதில்:

சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். இதுதான் இந்தத் திரியிலேயே பெரிய ஆபத்து. இங்கே சாதாரணமாக விற்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலின் அல்லது சால்பியூட்டமால் இருக்கும். ஊக்கமருந்து விதிப்படி டெர்பியூட்டலின் எந்த நாளிலும் தடை, சால்பியூட்டமால் சிரப்பாகக் குடித்தால் தடை. மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கும். அது போட்டிக்காலத்தில் ஓர் அளவுக்கு மேல் தடை. ‘சீக்கிரம் சரியாகும்’ என்று தரும் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாத்திரைகளும் போட்டிக்காலத்தில் தடை. போட்டிக்காலம் என்பது போட்டி நாளின் காலையில் தொடங்குவதில்லை, முந்தைய நாள் இரவு 11.59-க்கே தொடங்குகிறது. அன்று மாலை விழுங்கினாலும் மறுநாள் சிறுநீரில் இருக்கும் என்பதால் நேரக் கணக்கு போட்டுத் தப்பிக்கவும் முடியாது.

பாராசிட்டமால், செட்டிரிசின் தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் அவை தனி மாத்திரையாக இருக்க வேண்டும், மூன்று மருந்து சேர்த்த கலவையாக இருக்கக் கூடாது. செட்டிரிசின் சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும், அதை இரவில் கொடுப்பது நல்லது. ஆவி பிடிப்பது, உப்புநீர் மூக்குச் சொட்டு, வெந்நீர் இவற்றில் பிரச்சினை இல்லை. அட்டையின் பின்புறம் மருந்துப் பெயரைப் படியுங்கள், டாக்டரிடம் போட்டி இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல் இருந்தால், அல்லது நெஞ்சில் சளி இறங்கியிருந்தால், ஓடவே விட வேண்டாம்.

மசாஜ்: ஊர் பக்கம் எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவார்கள். முந்தைய நாள் அது கூடாது. ஆழமாக அழுத்திய தசை மறுநாள் தளர்ந்து, உதைக்கும் விறைப்பு இல்லாமல் போகும், சில இடங்களில் வலியும் தங்கிவிடும். 10 நிமிடம் மேலோட்டமாகத் தடவிவிட்டால் போதும். தொடைப் பின்தசையை வலிக்க வலிக்க இழுத்துப் பிடிப்பதும் அதே வகைதான். 20 விநாடி, வலி தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

சாப்பாடு: ஸ்பிரிண்டருக்கு மாரத்தான் ஓடுபவரைப்போல மாவுச்சத்தை ஏற்றத் தேவையில்லை. தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் (சேமித்துவைக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணீர் சேரும். தாண்டுபவளுக்கு அது சும்மா சுமக்கும் எடை. கிலோவுக்கு 5 முதல் 6 கிராம் மாவுச்சத்து போதும். பையனுக்கு 280 முதல் 340 கிராம் வரும். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம், நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25. ஆக நாள் முழுக்க 300 கிராம் அரிசிக்குச் சமமான சோறு, இட்லி, அதோடு மூன்று பழம், கணக்கு முடிந்தது. மாணவிக்கு 250 கிராம் அரிசியும் இரண்டு பழமும். மதியம் முட்டையோ பருப்போ கொஞ்சம் அதிகம் போகட்டும். இரவு 7.30-க்குள் சோறு, ரசம், தயிர் என்று முடித்துவிட வேண்டும். கூட்டத்துக்குச் சமைக்கும் இடத்தில் குருமா, சிக்கன், வெட்டிவைத்த பழம், பச்சைக் காய்கறி இவற்றைத் தொட வேண்டாம். சுண்டல், முட்டைக்கோஸ் வாயு. பரோட்டா, பிரியாணி எல்லாம் போட்டி முடிந்து ஊருக்குத் திரும்பும் வழியில்.

2008 பெய்ஜிங்கில் உசைன் போல்ட் சிக்கன் நக்கெட்ஸாகவே தின்று ஓடினார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான். அங்கத்திய சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று பயந்து தெரிந்ததையே சாப்பிட்டார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நக்கெட்ஸை அல்ல, தெரிந்ததைச் சாப்பிட்டதை. பழகிய இட்லிப்பொடி, வீட்டில் வறுத்த அவல் ஒரு டப்பாவில் போகட்டும்.

தண்ணீர் 2 முதல் 2.5 லிட்டர், நாள் முழுக்கப் பிரித்து. வெயிலில் அலைந்தால் 3. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில் கரைத்து மாலை பயிற்சிக்குப் பிறகு இருவரும் பாதி பாதி குடிக்கட்டும். படுக்கும் முன் ஒரு பாட்டிலை ஒரே மூச்சில் குடிக்கவைத்தால் இரவு இரண்டு முறை எழுவார்கள். காபி, டீ வழக்கம் இருந்தால் மதியத்தோடு நிறுத்துங்கள். வழக்கம் இல்லாத பிள்ளைக்குப் போட்டியன்று புதிதாகக் கொடுக்க வேண்டாம்.

மாணவிக்கு மாதவிடாய்த் தேதி அருகில் இருந்தால் தள்ளிப்போடும் மாத்திரையை முதல்முறையாக இந்த வாரத்தில் கொடுக்காதீர்கள். வயிறு உப்பும், சிலருக்குக் குமட்டும். நாப்கினும் மாற்று ஷார்ட்ஸும் பையில் இருந்தால் போதும். உங்களிடம் கேட்கக் கூச்சப்படுவாள், பெண் ஆசிரியரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

தென்காசி_பிஇடி:

எல்லோருக்கும் நன்றி. பையனுக்கு ஆவி மட்டும் பிடிக்கவைக்கிறேன். இப்போதுதான் நிகழ்ச்சி நிரல் வந்தது. மாணவிக்கு நீளம் தாண்டுதல் காலை 9.30, 200 மீட்டர் ஹீட்ஸ் காலை 10. இரண்டும் மோதுகிறது. ஒன்றை விட்டுவிட வேண்டுமா?

மணல்குழி பதில்:

விட வேண்டாம். டிராக்கும் ஃபீல்டும் மோதினால், ஒரு சுற்றில் அவளுடைய முறையை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள நடுவர் அனுமதிக்கலாம் என்று விதியே இருக்கிறது. ஆனால் அவள் முறை வரும்போது ஆள் இல்லையென்றால் அந்தத் தாண்டலை ‘பாஸ்’ என்று எழுதிவிடுவார்கள், பிறகு கேட்டுப் பயனில்லை. அதனால் முந்தைய நாள் மாலையிலேயே நீளம் தாண்டுதல் தலைமை நடுவரைப் பார்த்து அவள் செஸ்ட் நம்பரையும் 200 ஹீட்ஸ் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். காலையில் இன்னொரு முறை நினைவூட்டுங்கள்.

200-க்கு எத்தனை மணிக்குக் கால் ரூமில் (ஓடுபவர்களை ரேஸுக்கு முன் கூட்டும் இடம்) நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதுதான் உண்மையான நேரம். ரேஸ் 10 மணி என்றால் 9.40-க்கே உள்ளே இருக்கச் சொல்வார்கள். அதாவது அவளுக்குக் கையில் இருப்பது பத்து நிமிடம். முதல் சுற்றுத் தாண்டலை முதல் ஆளாகத் தாண்டிவிட்டு ஓட வேண்டும், ஓடி முடித்து மூன்றாவது சுற்றுக்குத் திரும்ப வேண்டும். அந்த முதல் தாண்டலில் தூரத்தைத் தேட வேண்டாம், போர்டுக்கு ஒரு பாதம் உள்ளேயே விழும்படி குறியைப் பின்னால் தள்ளி ஓர் அளவைப் பதிவு செய்துவிடட்டும். 200 ஓடித் திரும்பியதும் மூச்சு வாங்கிக்கொண்டே ரன்-அப்பில் நிற்கக் கூடாது. குறைந்தது 8 நிமிடம் உட்காரட்டும், தேவைப்பட்டால் மூன்றாவது சுற்றில் கடைசி ஆளாக விடச் சொல்லிக் கேளுங்கள். முதல் மூன்று சுற்றில் முதல் எட்டுக்குள் வந்தால்தான் அடுத்த மூன்று கிடைக்கும்.

பையில் மாற்றுச் சாக்ஸ் ஒன்று கூடுதலாக வையுங்கள். மணலோடு ஷூவை மாட்டி 200 ஓடினால் வளைவிலேயே கொப்புளம் வந்துவிடும். செஸ்ட் நம்பரை இரவே பனியனில் குத்திவிடுங்கள், நாலு மூலைக்கும் ஊக்கு. வயதுச் சான்றும் ஆதார் நகலும் உங்கள் பையில் இருக்கட்டும், பிள்ளைகள் பையில் வேண்டாம்.